பதினாறாம் நம்பர் சட்டை

தாம்பரத்தை அடுத்த இரும்புலியூர் ஏரிக்கரையில் துணி வெளுக்கும் கங்கம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதற்காக யாரும் அவளைப் பார்த்து உச்சுக்கொட்ட வேண்டியதில்லை. நூற்றெண்பது வீட்டு அழுக்கைப் பிரித்துப் படிக்கிறவளுக்குத் தினத்தாள் எதற்கு? எந்த வீட்டு மாப்பிள்ளை மறுபடி குடிக்க ஆரம்பித்திருக்கிறார், எந்த வீட்டில் மாமியார் வந்து இறங்கியிருக்கிறார், சானடோரியத்துக் குமாஸ்தா ஆபீசுக்கு மட்டம் போட்டுவிட்டு எந்தப் புல்தரையில் படுத்திருந்தார் என்பதெல்லாம் மூட்டையை அவிழ்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை வெளியே விடமாட்டாள். வாயை மூடிக்கொண்டிருப்பதில் அவள் மகா கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவள் குடும்பத்தைக் குட்டிச்சுவர் ஆக்கியது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

சலவைத் தொழிலில் குறிதான் எல்லாம். சேங்கொட்டைப் பாலை ஊசி முனையில் தொட்டு, காலர் மடிப்புக்குள் ஒரு வீட்டுக்கு மூன்று புள்ளி, இன்னொரு வீட்டுக்குக் கோடும் புள்ளியும் என்று வைத்து, மேலே சுண்ணாம்பைத் தடவினால், துணி நைந்து கிழிகிறவரை அந்தக் கறுப்பு போகாது. கை தவறி உடம்பில் பட்டால் தோல் வெந்துவிடும். கங்கம்மாளின் மாமனார் காலத்திலிருந்தே அந்த வீட்டில் ஒரு வழக்கம். ஊரார் துணிக்குத்தான் குறி, சொந்தத் துணிக்குக் கிடையாது. குறி இல்லாத துணி கைக்கு வந்தால் அது நம் வீட்டுடையது. கணவர் அரிகிருஷ்ணனின் வேட்டிக்குக் குறி கிடையாது, கங்கம்மாளின் புடவைக்குக் கிடையாது, மகள் பச்சையம்மாளின் கால்பந்துச் சட்டைக்கும் கிடையாது.

பச்சையம்மா பந்தாடுவாள். ட்ரில் டீச்சர் ஹஃபீசா பள்ளிக்கூடத்துப் பெண்களைச் சேர்த்து ஒரு அணி கட்டியிருந்தார். ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் இருந்த செம்மண் திடலில் சாயங்காலமானால் ஆட்டம். ஓடும்போது சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டே ஓடுவது பச்சையம்மாளின் பழக்கம். இடது பக்கக் காலர் எப்போதும் எச்சிலில் நனைந்து, நூல் பிரிந்து கிடக்கும். கங்கம்மா அதைத் தைத்துத் தைத்து அலுத்துப்போனாள். வயசுப் பெண் அரைக்கால் நிஜாரோடு ஓடுகிறாள் என்று தெருவே பேசியது. கங்கம்மா மாப்பிள்ளை தேட ஆரம்பித்தாள். அரிகிருஷ்ணனுக்கு மட்டும் உள்ளுக்குள் பெருமை. இஸ்திரித் துணி கொடுக்கப் போகும் வழியில் சைக்கிளை நிறுத்தி, புளியமரத்து மறைவிலிருந்து பார்த்துவிட்டு வருவார். பார்த்ததை வீட்டில் சொல்லமாட்டார். அந்த வீட்டில் எல்லோருக்குமே அந்த வியாதி உண்டு.

1988இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தகவல் வந்தது. அதே ஞாயிற்றுக்கிழமை கூடுவாஞ்சேரியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்றும் வந்தது. கங்கம்மா விடியற்காலையில் சட்டையை எடுத்துச் சுருட்டி, துணி அவிக்கும் வெள்ளாவிப் பானைக்குள் போட்டு மூடினாள். பச்சையம்மா வீடெல்லாம் தேடினாள். அப்பா கொண்டுபோன மூட்டையில் கலந்து போயிருக்கும் என்று அவரைத் தேடிக்கொண்டு ரயில் பாதைக்கு அந்தப் பக்கமிருந்த சேலையூரை நோக்கி ஓடினாள். ஒன்பதே முக்கால் எலெக்ட்ரிக் ட்ரெயின் அவளைக் கடக்கவிடவில்லை. அவளுக்கு அப்போது பதினாறு வயது.

குறி இல்லாத சட்டையைக் கவனிக்காமல் யார் வீட்டு மூட்டையிலோ கட்டிவிட்டோம் என்று அரிகிருஷ்ணன் முடிவு கட்டிக்கொண்டார். போலீஸ்காரரிடம் அதைத்தான் சொன்னார், சாவுக்கு வந்தவர்களிடமும் அதைத்தான் சொன்னார். சேலையூர்ப் பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றுக்கும் போய்ச் சட்டையைக் கேட்டார். அது அதற்குள் கங்கம்மாளின் அடுப்பில் எரிந்து சாம்பலாகியிருந்தது. அவள் சொல்லியிருக்கலாம். முதல் நாள் சொல்லவில்லை, பதினாறாம் நாள் சொல்லவில்லை, அப்புறம் சொல்ல முடியாமலே போய்விட்டது. அன்று வாசலில் மகளுக்கும் தனக்கும் நடந்த பேச்சு நினைப்புக்கு வந்தால், அந்த இடத்திலேயே எழுந்துபோய் வேறு வேலை பார்ப்பாள். அரிகிருஷ்ணன் அதற்குப் பிறகு மூட்டை கட்டுவதையே விட்டுவிட்டார். இஸ்திரி மட்டும் போடுவார். ஒவ்வொரு துணியையும் மூன்று தடவை உதறிப் பார்த்துத்தான் மடிப்பார்.

இப்படி ஆறு வருஷம் போனது. 1994 ஏப்ரலில் ஒரு நாள் ஹஃபீசா டீச்சர் தெருவுக்குள் வந்தார். பச்சையம்மா போனதிலிருந்து அவர் அந்தத் தெருவை மிதித்ததில்லை. அண்டை நாட்டுப் பெண்கள் அணிகள் ஐந்து சேர்ந்து மெட்ராசில் கோப்பைக்கு ஆடுகின்றன என்றும், நேபாள அணியைத் தாம்பரத்தில் ஒரு ஹாஸ்டலில் தங்க வைத்திருக்கிறார்கள் என்றும், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு தன்னுடையது என்றும் சொன்னார். துணியைக் கங்கம்மாதான் வெளுத்துத் தர வேண்டும். ஆளுக்கு ஒரே ஒரு ஆட்டச் சட்டை. காணாமல் போனால் வேறு கிடையாது, தன் பெயருக்குப் பதிந்த நம்பர் சட்டை இல்லாதவளை ரெஃப்ரி உள்ளே விடமாட்டார். கங்கம்மா முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அரிகிருஷ்ணன் சரி என்று தலையாட்டிவிட்டார்.

பதினாறு சட்டைகள். வெள்ளை உடம்பு, நீலக் காலர். கங்கம்மா பதினாறுக்கும் புதுக் குறி வைத்தாள், இரண்டு கோடும் நடுவில் ஒரு புள்ளியும். முதல் ஆட்டம் முடிந்து மூட்டை வந்த அன்று, உச்சி வெயிலில் துறையில் ஆள் நடமாட்டமே இல்லை. ஏரித் தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஆடியவர்களின் சட்டையில் புல் கறை பச்சையாய் அப்பியிருந்தது, ஆடாதவர்களின் சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. கடைசியாக வந்தது பதினாறாம் நம்பர். அதில் புல் கறை இல்லை. முதுகெல்லாம் வியர்வை காய்ந்து உப்புப் பூத்திருந்தது, மார்பிலும் கையிலும் செம்மண். கல்லில் போட்டுக் கசக்கியதும் தண்ணீர் சிவந்து ஓடியது. இந்தப் பெண் நன்றாக ஓடியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் துணியை எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனபோது டீச்சரிடம் அதைச் சொன்னாள். டீச்சர் சிரித்துவிட்டார். பதினாறாம் நம்பர் தில்மாயா என்ற சின்னப் பெண். இருப்பவர்களிலேயே இளையவள். ஆட்டம் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தாளாம், தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் கொடுத்ததோடு சரி. அதுவும் போகட்டும், ஸ்டேடியத்தில் எல்லாம் புல், செம்மண்ணுக்கு எங்கே போவது என்றார் டீச்சர். கங்கம்மாளுக்கு அந்த மண்ணைத் தெரியும். விரலுக்கிடையில் தேய்த்தால் மிளகாய்த்தூள் போல் நெருநெருவென்று இருக்கும், மூன்று தண்ணீருக்கும் போகாது. ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் இருந்த திடலின் மண் அது. அந்தத் திடல் இப்போது இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்பே அங்கே நாலு மாடிக்குக் குடியிருப்பு எழுப்பி, மிச்ச இடத்துக்கும் சிமென்ட் போட்டுவிட்டார்கள்.

இரண்டாவது ஆட்டத்துக்குப் பிறகு வந்த சட்டையில் மண் இன்னும் அதிகமாக இருந்தது. துவைத்துக் காயப் போடும்போது காலரைப் புரட்டிப் பார்த்தாள். குறியைக் காணோம். மற்ற பதினைந்திலும் இரண்டு கோடும் புள்ளியும் கல்வெட்டாக நின்றன, இதில் மட்டும் வெறும் துணி. மறுபடி வைத்தாள். பால் பிடித்துக் கறுத்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அனுப்பினாள். மூன்றாவது ஆட்டம் முடிந்து வந்தபோது அதுவும் போயிருந்தது. இந்தத் தடவை காலரின் இடது முனை ஈரமாக இருந்தது. மற்ற துணியெல்லாம் வெயிலில் முறுகிக் கிடக்க, அந்த நாலு விரல் அகலம் மட்டும் நனைந்து, நூல் பிரிந்து, பல் பதிந்திருந்தது.

கங்கம்மாளுக்குப் பயமாக இருந்தது. அதைவிட அதிகமாக ஆசையாக இருந்தது, அதுதான் உண்மை. பெற்றவள் அல்லவா! துறையில் ஒருவரும் இல்லாத அந்த வெயிலில் சட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு பிரிந்த நூலைத் தைத்தாள்.

அன்று அவள் ஹாஸ்டலுக்குப் போய் தில்மாயாவைப் பார்க்க வேண்டும் என்றாள். சப்பை மூக்கும் சிவந்த கன்னமுமாக ஒரு பெண் வந்து நின்றது. காலரைக் கடிப்பாயா என்று கங்கம்மா சைகையில் கேட்டாள். இல்லை என்று தலையாட்டிய பெண் டீச்சரிடம் இந்தியில் என்னவோ மளமளவென்று சொன்னது. சொல்லச் சொல்ல டீச்சரின் முகம் மாறியது. ஆட்டம் நடக்கும்போது பெஞ்சில் தன் பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறதாம், ஆனால் அங்கே யாரோ மூச்சு வாங்குகிறார்களாம், வெகுதூரம் ஓடிவிட்டு வந்தவர்கள் வாங்குவது போல. எழுந்தால் கால் இரண்டும் கடுக்கிறதாம். வேறு சட்டை இருந்தால் மாற்றித் தரும்படி கேட்கிறாள் என்று டீச்சர் சொன்னார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று அவரே சமாதானமும் சொன்னார். கங்கம்மா வந்த வழியே திரும்பினாள்.

இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. நேபாளமும் நம் நாடும். காலையில் கங்கம்மா பதினாறு சட்டைகளையும் எடுத்து அடுக்கினாள். பதினாறாம் நம்பரில் நேற்று வைத்த குறி இன்று இல்லை. நாளைக்கு இந்தப் பெண்கள் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு ரயிலேறிவிடுவார்கள், சட்டையும் போய்விடும். குறி இல்லாத துணி நம் வீட்டுடையது என்பது மாமனார் காலத்து வழக்கம், அவளாக இட்டுக்கட்டியது அல்ல. பெஞ்சில் உட்காரப் போகிற பெண்ணுக்குச் சட்டை எதற்கு? இப்படியெல்லாம் தனக்குத்தானே நியாயம் பேசிக்கொண்டு, அதைச் சுருட்டி வெள்ளாவிப் பானைக்குள் போட்டு மூடினாள். மீதிப் பதினைந்தை அரிகிருஷ்ணன் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, சேலையூருக்கும் போய் இஸ்திரித் துணியைக் கொடுத்துவிட்டு வந்தார்.

அவர் வந்து தண்ணீர் குடிப்பதற்குள் டீச்சரும் தில்மாயாவும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். முன்வரிசை ஆட்டக்காரி ஒருத்திக்கு ராத்திரியிலிருந்து காய்ச்சல். இன்றைக்கு தில்மாயாதான் இறங்க வேண்டும். பதினைந்து சட்டைதான் வந்திருக்கிறது, பதினாறாம் நம்பர் இல்லை. பத்து மணிக்கு வேன் கிளம்புகிறது.

கங்கம்மா பானைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். அரிகிருஷ்ணன்தான் பேசினார்.

"நான்தான் டீச்சர் எங்கியோ வுட்டுட்டேன். எனக்கு இது மொதல் தபா இல்ல, ஒங்களுக்குத் தெரியாததா. காலைல சேலையூர் போய்ட்டு வந்தேன், அங்க எதுனா வூட்டுத் துணியோட பூட்டிருக்கும். இதோ போய் எட்த்தாந்துர்றேன்."

மூட்டை கட்டுவதை விட்டு ஆறு வருஷமாகிறது. இன்றைக்குப் பதினைந்தையும் கட்டிக் கொடுத்தவளே கங்கம்மாதான். அது அவருக்கு நினைவே இல்லை. தப்பு நடந்தால் அது தன்னுடையது என்று அவருக்குப் பழகிப்போயிருந்தது. சைக்கிளைத் திருப்பினார். அவர் எங்கே போகிறார் என்று டீச்சர் இந்தியில் சொன்னதும் தில்மாயா ஆட்டோவுக்குக்கூட நிற்கவில்லை. ரயில் பாதைப் பக்கம் கையைக் காட்டி, அவருக்கு முன்னால் தானே ஓட ஆரம்பித்தாள். சந்து முனையில் திரும்புவதற்கு முன் அவளுடைய இடது கை தானாக மேலே போய், போட்டிருந்த பனியனின் கழுத்தைப் பற்களுக்கிடையில் இழுத்துவிட்டது. தூரத்தில் பெருங்களத்தூரை விட்டுக் கிளம்பிய ரயிலின் ஹாரன் கேட்டது.

கங்கம்மா போட்ட சத்தத்தில் ஏரிக்கரைக் கொக்கெல்லாம் எழுந்துவிட்டன. தில்மாயா நின்றாள். கங்கம்மா வெள்ளாவிப் பானைக்குள் கையை விட்டுச் சட்டையை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் அவள் கையில் திணித்தாள். திணித்த கையாலேயே அந்தப் பெண்ணைப் பிடித்து ஆட்டோவுக்குள் தள்ளினாள். ரயில் தடதடத்துக்கொண்டு போகிறவரை ஆட்டோவின் கம்பியை விடவில்லை. டீச்சருக்குக் கேட்க நேரமில்லை. ஆட்டோ போய்விட்டது.

அரிகிருஷ்ணன் சைக்கிளைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். மனைவியைப் பார்த்தார். மூடி கழன்று கிடந்த பானையைப் பார்த்தார். அவர் மெதுவாக யோசிக்கிறவர், ஆனால் யோசித்து முடிக்காமல் விடமாட்டார்.

"கங்கா, அப்பவும் இதுக்குள்ளதான் வச்சிருந்தியா?"

கங்கம்மா தலையாட்டினாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கூடுவாஞ்சேரிக்காரர்கள் வருகிற ஒரு நாள் மட்டும் பச்சையம்மா ஆடப் போகாமல் இருந்தால் போதும் என்று நினைத்ததைச் சொன்னாள். சட்டையை அடுப்பில் போட்டதைச் சொன்னாள். இந்தப் பத்து நாளாகச் செம்மண் வருவதையும், குறி நிற்காததையும், காலரில் பல் பதிந்திருந்ததையும் சொன்னாள். அவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னிக்கு பச்சை ஒன்னக் கேட்டுதா?"

ஆறு வருஷமாக அவள் எழுந்து எழுந்து ஓடிய இடம் இதுதான். இப்போது ஓட வழியில்லை.

"கேட்டுது. நைனா மூட்டையில கட்டி எடுத்துகினு பூட்டாரு, லைனுக்கு அந்தாண்ட கீறாருன்னு நான்தான் சொன்னேன்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. திட்டுவார், அடிப்பார் என்று அவள் காத்திருந்தாள், அடித்தால் தேவலை என்றுகூட நினைத்தாள். அவர் கேட்டது வேறு.

"அப்ப எம் மேல கோவமா பூட்ச்சா, அது?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். நம்பத்தான் அவர் முகம் காத்துக்கொண்டிருந்தது. கங்கம்மா பொய் சொல்லிப் பார்த்தவள், அதன் விலை தெரிந்தவள்.

"ஆமாய்யா. நான் ஆடறது நைனாவுக்குப் புடிக்கல, வேணும்னே எடுத்துகினு பூட்டாருன்னு அழுதுகினே போச்சு."

அவர் அழவில்லை. புளியமரத்துக்குப் பின்னால் நின்று பார்த்ததை அன்றுதான் முதல் தடவையாகச் சொன்னார். அதுவும் அவளிடம் சொன்னதாகத் தெரியவில்லை. ஏரியைப் பார்த்துச் சொன்னார். சாப்பிடக் கூப்பிட்டபோது வரவில்லை.

நேபாளம் ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றது. அந்த ஒன்றைப் போட்டது தில்மாயா என்று மறுநாள் காலை மூட்டையைக் கொண்டுவந்த டீச்சர் சொல்லிவிட்டுப் போனார். பகல் ரயிலுக்குள் துவைத்துக் காயவைத்துத் தர வேண்டும். கங்கம்மா மூட்டையை அவிழ்ப்பதற்குள் அரிகிருஷ்ணன் வந்துவிட்டார். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவர் தன் கையால் ஒரு மூட்டையைப் பிரித்தது அன்றுதான். ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுப் பதினாறாம் நம்பரை எடுத்துக்கொண்டு துறைக்கு நடந்தார். கங்கம்மா பின்னாலேயே போனாள்.

அவர் துவைகல்லில் உட்கார்ந்து சட்டையை மடியில் விரித்தார்.

"பச்சை," என்றார். "நைனா எடுக்கலம்மா. நான் எடுப்பேனா? ஒன் ஆட்டத்த நான் எத்தினி நாள் வந்து பாத்துகீறேன் தெரியுமா."

பின்னால் நின்ற கங்கம்மாளுக்கு அவர் தோளுக்கு மேலாகச் சட்டை நன்றாகத் தெரிந்தது. முதுகிலும் முழங்கையிலும் ஸ்டேடியத்துப் புல்லின் பச்சைக் கறை. ஒரு பொட்டுச் செம்மண் இல்லை. அவள் தைத்த காலரில் தையல் அப்படியே இருந்தது, முனை காய்ந்திருந்தது. அதன் மடிப்பில் இனித் தொலையக் கூடாதென்று டீச்சர் இங்கிலீஷில் எழுதிய தில்மாயாவின் பெயரெழுத்துக்கள் வியர்வையில் ஊறியும் அழியாமல் நின்றன. அது அந்த நேபாளத்துப் பெண்ணின் சட்டை. வேறு யாரும் அதில் இல்லை.

அதைச் சொல்லக் கங்கம்மா வாயைத் திறந்தாள். அரிகிருஷ்ணன் தலையைக் குனிந்து காலருக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு சட்டையை மறுபடி நேராக விரித்து, காதில் விழாமல் போயிருக்கும் என்று நினைத்தவராய், இன்னும் கொஞ்சம் சத்தமாக முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.